மூன்றாவது துளை

கடுகு என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் அண்ணன். ஐந்து வயதில் அவன் கையை ரத்தம் வரக் கடித்துவைத்தாள். அழுதுகொண்டே அவன் வைத்த பெயர் அது. பள்ளியில், தெருவில், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், கடைசியில் ஊர் வாத்தியக் குழுவில் என்று எல்லா இடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. நாற்பத்து நான்கு வயதிலும் அவள் மற்றவர்களின் தோளுக்குத்தான் வருவாள். கோபம் மட்டும் எப்போதும் மூக்கின் நுனியில் நிற்கும். வரிசையில் யாராவது இடையில் நுழைந்தால் அவள் பேச வேண்டாம், திரும்பிப் பார்த்தால் போதும், நுழைந்தவர் பின்னால் போய்விடுவார்.

தொழிற்சாலையில் அவளைச் சேர்த்துவிட்டதும் அண்ணன்தான். அவன் அங்கே சூப்பர்வைசர். அவள் வெட்டு இயந்திரத்தில் இருந்தாள். பெரிய அட்டைத் தாள் ஒரு பக்கம் போகும், செருப்புப் பெட்டியின் உருவம் வெட்டப்பட்டு, மடிப்புக்கோடு விழுந்து மறுபக்கம் வரும். பதினெட்டு வருஷம் அதே இயந்திரம். அதன் சத்தம் மாறினால் தாளில் ஈரம் இருக்கிறதா, கத்தி மழுங்கிவிட்டதா என்று பார்க்காமலே சொல்வாள்.

வாத்தியக் குழு புதன் மாலையிலும் ஞாயிறு காலையிலும் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் கூடும். இருபத்தாறு பேர். நடத்துபவர் பல் மருத்துவர், எல்லாருக்கும் அவர் பல் டாக்டர். அண்ணன் டிராம்போன் என்கிற நீளப் பித்தளைக் குழல் ஊதுவான். கிளாரினெட் வரிசையில் முதல் நாற்காலி அவளுடையது, ஒன்பது வருஷமாக. தன் கறுப்பு மரக் கிளாரினெட்டை முதல் சம்பளத்தில் பழைய சாமானாக வாங்கியிருந்தாள். பூங்காவில் அவள் தனியாக ஊதும் பகுதி வந்தால், பேச்சுச் சுவாரசியத்தில் இருக்கிறவர்கள்கூட ஒரு நிமிஷம் வாயை மூடுவார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வாரம் முழுக்க அட்டை வெட்டுகிறேன் என்று கணவனிடம் சொல்வாள்.

விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு. பெரிய ஆர்டர் ஒன்று பின்தங்கியிருந்தது. தாள் சிக்கினால் தடுப்புக் கதவைத் திறக்க வேண்டும், கதவு திறந்ததும் இயந்திரம் தானாக நின்றுவிடும், மறுபடி ஓடவைக்க இரண்டு நிமிஷம் பிடிக்கும். அந்த இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கதவின் ஸ்விட்சில் யாரோ டேப் சுற்றியிருந்தார்கள். கதவு திறந்தே கிடக்கும், இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. சிக்கிய தாளை இழுக்க இடது கையை நீட்டினாள். மோதிர விரல் மேல் கணுவோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அழுதான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவள்தான் அவனைத் தேற்றினாள். பார்க்க வந்தவர்கள்தான் அவளைக் கொதிக்கவைத்தார்கள். அடுத்த வீட்டுக்காரர், தலைக்கு வந்தது விரலோடு போயிற்று என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். இன்னொருத்தி, நல்லவேளை இடது கை என்றாள். கிளாரினெட்டுக்கு இடது கை, வலது கை என்று ஒன்று கிடையாது, எல்லாம் கைதான் என்று இவர்களுக்கு யார் சொல்வது? பழத்தோடு வந்தவர்களைப் பழத்தோடு திருப்பி அனுப்பாததே பெரிது என்று கணவன் பின்னால் சொல்லிச் சிரித்தான்.

நான்கு மாதம் கழித்து, காயம் ஆறியதும், கிளாரினெட் பெட்டியைத் திறந்தாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். முதல் நான்கு சுரங்கள் ஒழுங்காக வந்தன. ஐந்தாவதற்கு மோதிர விரலால் மூன்றாவது துளையை மூட வேண்டும். மொட்டை விரல் எட்டவில்லை. கையை வளைத்து எட்டவைத்தால் மற்ற விரல்கள் இடம் பெயர்ந்தன. எட்டினாலும் துளை முழுசாக அடைபடவில்லை, காற்று ஓரத்தில் கசிந்து கீச்சென்றது. அதற்குக் கீழே இருக்கிற எந்தச் சுரத்துக்கும் அந்தத் துளை மூடியிருக்க வேண்டும். ஆக, முழு வாத்தியத்தில் அவளுக்கு மிச்சம் நான்கு சுரம். ரப்பர் கையுறையின் விரலை வெட்டி, பஞ்சு திணித்து மாட்டிப் பார்த்தாள். பிளாஸ்திரியைச் சுற்றிப் பார்த்தாள். விரல் நுனி பட்ட இடத்தில் கரண்ட் அடித்ததுபோல் தோள்வரை ஏறியது. கிளாரினெட்டைச் சுவரில் அடிக்கக் கை ஓங்கி, அடிக்காமல் வைத்துவிட்டாள்.

குழுவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். பல் டாக்டர் அவள் விரலைப் பல்லைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு வகைக் கிளாரினெட் ஒன்று இருக்கிறது என்றார். எல்லாத் துளைக்கும் மேலே மூடி இருக்கும், சாக்ஸபோனில் இருப்பதுபோல. விரலால் துளையை அடைக்க வேண்டாம், மூடியின் எந்த ஓரத்தை அழுத்தினாலும் அது போய் அடைத்துக்கொள்ளும். மொட்டை விரலே போதும். அது கிடைக்கிறவரை ஜால்ரா வாசிக்கட்டும் என்று சேர்த்துச் சொன்னார்.

"டாக்டர், எனக்கு ஜால்ரா அடிச்சுப் பழக்கமில்ல," என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அப்போது பின்வரிசையில் அண்ணன் எழுந்தான். அந்த மூடிக் கிளாரினெட்டைத் தன் தங்கைக்குத் தானே வாங்கித் தரப் போவதாகச் சொன்னான். மற்ற எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் அழுகிற பழக்கம் அவளுக்கில்லை. அன்றைக்கு அழுதாள்.

மறுநாள் மருத்துவக் காப்பீட்டுக்காக விபத்துப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த பெண் பக்கத்தைத் திறந்து, நகல் எடுத்துக் கையில் கொடுத்தாள். கடுகு நின்றபடியே படித்தாள். "தொழிலாளி தடுப்புக் கதவைத் தானே திறந்து, கவனக்குறைவாக இயந்திரத்தினுள் கையை நுழைத்தார்." கீழே அண்ணனின் கையெழுத்து. வரியும் அவன் எழுத்துதான். 'ழ'வின் வாலை மேலே கொண்டுவந்து சுழிக்கிற பழக்கம் அவனுக்குப் பள்ளிக்கூட நோட்டிலேயே உண்டு. தேதி விபத்து நடந்த அன்றைய தேதி. பகலில் இதை எழுதிவிட்டு மாலையில் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறான்.

அவளை இப்போது பெட்டிகளை அடுக்கிக் கட்டும் மேசையில் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம்வரை அவள் கட்டிய கட்டுகளை ஒருவராலும் அவிழ்க்க முடியவில்லை. எழுதியதைவிட, நேற்றுக் கை தட்டலுக்கு நடுவே தான் அழுததுதான் அவளைச் சுட்டது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். தானே அந்தத் தொட்டிலில் படுத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததில்லை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நகலை இரண்டு தடவை படித்தான். பிறகு, கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் நகர்ந்தால் தங்களைச் சும்மா விடமாட்டார்கள், இங்கே மட்டும் எப்படி விட்டார்கள் என்றான். டேப் சுற்றியிருந்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்காததற்காக அவன்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை வாத்தியக் கடைக்குப் போனாள். அண்ணன் சொல்லி, வேறு ஊரிலிருந்து அந்தக் கிளாரினெட்டைப் பார்வைக்கு வரவழைத்திருந்தார்கள். வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டு வரத்தான் போனாள். கடைக்காரர் அவள் வாய் திறப்பதற்குள் துண்டுகளைப் பொருத்தி, ஊதும் முனையில் வைக்கிற நாணல் பட்டையான ரீடை நனைத்து மாட்டி, ஒரு தடவை ஊதிப் பாருங்க என்று நீட்டிவிட்டார்.

கையில் வாங்கினாள். கனமாக இருந்தது. முதல் நான்கு சுரம். ஐந்தாவதுக்கு மொட்டை விரலை மூடியின் ஓரத்தில் வைத்தாள். மூடி இறங்கியது. சுரம் வந்தது. கசியாமல், கீச்சிடாமல், சும்மா வந்தது. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது. அடிச்சுரம்வரை இறங்கி, அங்கேயே நின்று மூச்சு தீரும்வரை ஊதினாள்.

ஆனால் அது வேறு வாத்தியம். பழையதில் ஒவ்வொரு துளையிலும் காற்று நடுங்குவது விரல் நுனிக்குத் தெரியும். இதில் ஒன்றும் தெரியவில்லை. குழந்தையைக் கையுறை போட்டுக்கொண்டு தொடுவது போலிருந்தது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை மெல்ல நழுவவிட்டு ஏறுவாளே, அது இதில் முடியாது; மூடி ஒன்று திறந்திருக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும். சத்தமும் கொஞ்சம் தடித்திருந்தது. மூடிகள் டக் டக்கென்று அடித்துக்கொண்டன. இவ்வளவு குறையையும் எண்ணிக்கொண்டே அவள் நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் ஊதினாள். கடைக்காரர் இரண்டு வாடிக்கையாளர்களை அனுப்பிவைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோதும் ஊதிக்கொண்டிருந்தாள்.

கொண்டுபோயிருந்த பழையதை நீட்டி, இதிலேயே அந்த ஒரு துளைக்கு மட்டும் மூடி போட முடியுமா என்று கேட்டாள். அவர் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மரம் உலர்ந்துபோயிருக்கிறது, துளையிட்டுத் திருகாணி இறக்கினால் வெடித்தாலும் வெடிக்கும், பொறுப்பேற்க முடியாது என்றார். அண்ணன் வார்த்தை கொடுத்துவிட்டார், புதியதைக் கையோடு எடுத்துப்போங்கள் என்றும் சொன்னார். அவள் அதைக் கழற்றி, துடைத்து, பெட்டியில் வைத்து மூடினாள். இந்த மாதக் கடைசிவரை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். வழியெல்லாம் அந்த வாத்தியத்தின் மேலேயே ஆத்திரமாக இருந்தது. மோசமாக இருந்து தொலைத்திருந்தால் முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும். இதை அவனிடமிருந்து வாங்கி ஊதினால் எல்லாம் நேராகிவிட்டது என்று ஆகிவிடும். ஊதாமல் விட்டால் அவளுக்குத்தான் தண்டனை. எப்படிப் பார்த்தாலும் அவன் தப்பித்தான்.

ஞாயிறு பயிற்சி முடிந்ததும் கீழே தீயணைப்பு வண்டி நிற்கிற கொட்டகையில் அண்ணனை நிறுத்தினாள். பிறந்ததிலிருந்து அவனை நீ என்றுதான் கூப்பிடுவாள். அன்று வாயில் வந்தது வேறு.

"அந்த ஸ்விட்சுல டேப் சுத்துனது யாருங்க?"

அந்த 'ங்க' காதில் விழுந்ததும் அவன் முகம் மாறியது. "இங்க எதுக்கு அதெல்லாம்? வீட்ல பேசிக்கலாம்."

"அப்ப சுத்துனது நீங்கதான். எழுதுனதும் நீங்க. நான் கவனக்குறைவா கைய விட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"மேனேஜர் எழுதச் சொன்னாரு. நான் எழுதலன்னா வேற ஒருத்தர் எழுதியிருப்பாரு."

"அப்ப வேற ஒருத்தரே எழுதியிருக்கட்டும்."

அவன் டிராம்போன் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தான். "அதான் வாத்தியம் வாங்கித் தரேன்ல. இன்னும் என்னதான் பண்ணணும்ங்கற?"

"விரல எடுத்துட்டு மோதிரம் வாங்கித் தரீங்க. அந்த வரிய மாத்தி எழுதுங்க. எழுதிட்டு வாங்கித் தந்தா, ரெண்டு கையாலயும் வாங்கிக்கறேன்."

"எழுதினா என் வேலை போயிரும்."

"சரி. அப்ப நீங்களே யோசிச்சுக்கோங்க," என்றாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான்.

இரண்டு நாள் கழித்து அண்ணி வந்தாள். சமையலறை வாசலில் நின்றபடியே பேசினாள். மேலே இருக்கிறவன் சொன்னதைச் செய்தவர் அவர், குறித்த நேரத்துக்குப் பெட்டி போகாவிட்டால் அவர் தலைதானே உருளும் என்றாள். அவர் ராத்திரியில் தூங்குவதில்லை என்றாள். அதெல்லாம் உண்மை என்று கடுகுக்குத் தெரியும். உண்மையாக இருந்ததால் இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் அண்ணி, "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுக்கப் போறியா?" என்று கேட்டாள். கடுகு அடுப்பை அணைத்துவிட்டு, "கூடப் பொறந்தவளக் காட்டிக் குடுத்து நாலு மாசம் ஆச்சு, அண்ணி," என்றாள். அண்ணி அழுதுகொண்டே போனாள். போன பிறகு கடுகு அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைக்கவில்லை. தன் பிறந்த வீட்டுக்கு அண்ணி மருமகளாக வந்த நாளிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை கடிந்து பேசிக்கொண்டதில்லை.

பத்து நாள் பொறுத்தாள். பதிவேட்டில் ஒன்றும் மாறவில்லை. தினமும் மதியம் போய் அலுவலகப் பெண்ணிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்வாள், அவளும் காட்டுவாள்.

பதினோராவது நாள் கட்டுநூல் தீர்ந்துபோய், எடுத்துவர வெட்டு இயந்திரங்களின் பக்கம் போனாள். அவளுடைய பழைய இயந்திரத்தில் வேறு பகுதியிலிருந்து மாற்றிவிடப்பட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். தடுப்புக் கதவு திறந்து கிடந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சிக்கிய தாளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஸ்விட்சில் டேப். பழையது இல்லை, புத்தம் புதிதாகப் பளபளத்தது.

கடுகு கட்டுநூலை மறந்தாள். போய் ஸ்விட்சிலிருந்து டேப்பை நகத்தால் கிளப்பிப் பிய்த்து எறிந்தாள். இயந்திரம் நின்றது. அடுத்த இயந்திரத்துக்குப் போனாள். அதிலும் டேப். பிய்த்தாள். மூன்றாவதிலும். வரிசையாகச் சத்தம் அடங்கிக்கொண்டு வந்ததில் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்து ஏன் நின்றது என்று கத்தினான். அவளைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்தினான்.

"என் விரல் போயும் உங்களுக்குப் புத்தி வரலயா?" என்றாள். குரல் உயரவில்லை. அந்தக் கூடத்தில் அவ்வளவு மெதுவாகப் பேசி எல்லாருக்கும் கேட்டது அன்றைக்குத்தான்.

அன்று மதியமே அரை நாள் விடுப்புப் போட்டு, தொழிற்சாலை ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போனாள். கணவன் வேலையிடத்திலிருந்து நேராக அங்கே வந்து சேர்ந்தான். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். டேப் சுற்றியிருந்தது தனக்கும் தெரியும் என்பதையும், தான் பேசாமல் இருந்ததையும் எழுதினாள். அந்த வரியைப் படித்த ஆய்வாளர், இது அவசியமா என்று கேட்டார். அவசியம் என்றாள்.

நடந்தது அவள் நினைத்ததில் பாதி. ஆய்வாளர் முன்னறிவிப்பில்லாமல் வந்தார், ஸ்விட்சுகளைப் பார்த்தார், டேப்பின் பிசின் இன்னும் ஒட்டியிருந்தது. எல்லா இயந்திரத்துக்கும் கழற்ற முடியாத பூட்டு ஸ்விட்ச் வந்தது. அண்ணனைச் சூப்பர்வைசர் வேலையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். எழுதச் சொன்ன மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறை என்று பிறகு தெரிந்தது. பதிவேட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, "பாதுகாப்பு ஸ்விட்ச் கட்டப்பட்டிருந்தது" என்று எழுதினார்கள். யாரால் கட்டப்பட்டிருந்தது என்று இல்லை. கடுகு அதைப் படித்துவிட்டு, ஸ்விட்ச் தன்னைத் தானே கட்டிக்கொண்டதாக்கும் என்று அலுவலகப் பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தாள்.

அண்ணன் குழுவுக்கு வருவதை நிறுத்தினான். கிளாரினெட் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளும் வாங்கவில்லை. கடைக்காரர் இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டார், யோசிக்கிறேன் என்றாள். அவளுக்கு ஊதவே மனமில்லை. ஊதினால் சிரிக்க வேண்டும், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நாலு பேர் சொல்வதைக் கேட்க வேண்டும். அந்தப் பேச்சை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு பூங்காவில் குழு வாசித்தது. அவள் கணவனோடு பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் தனியாக ஊதும் பகுதியை இப்போது இரண்டாவது நாற்காலியில் இருந்த தபால்காரர் ஊதினார். நல்ல மனிதர், சுருதியும் சுத்தம். ஆனால் இழுத்தார். மூச்சு வாங்கவேண்டிய இடத்தில் வாங்காமல், வாங்கக் கூடாத இடத்தில் வாங்கி, பாட்டை நொண்டவைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் வாயை மூடவில்லை. கடுகு பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கடைசிவரை கேட்டாள்.

"இதுவா பாட்டு?" என்றாள் கணவனிடம்.

"எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் அவன்.

அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டு, மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றாள். தவணையில், தன் பெயரில் மூடிக் கிளாரினெட்டை வாங்கினாள். ஆனந்தமாக வாங்கவில்லை. கடைக்காரர் வாழ்த்துச் சொன்னபோது, ரசீது குடுங்க என்று மட்டும் சொன்னாள்.

பழக ஐந்து மாதம் ஆயிற்று. கை பழைய கிளாரினெட்டுக்குப் பழகிய கை. விரல் துளையைத் தேடிப் போகும், மூடியில் இடிக்கும். நழுவி ஏறுகிற இடங்களை எல்லாம் நாக்காலும் உதட்டாலும் வேறு விதமாகச் செய்யக் கற்றாள். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. பல் டாக்டர் அவளை கிளாரினெட் வரிசையின் மூன்றாம் நாற்காலியில் உட்காரவைத்தார். மூடி அடிக்கிற சத்தம் முன்வரிசைக்குக் கேட்கிறது என்றார். கேட்கட்டும் என்றாள். வருஷக் கடைசியில் தபால்காரர் தானாகவே முதல் இடத்தை அவளுக்கு விட்டுத் தன் நாற்காலியை ஒரு இடம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவள் நன்றி சொன்னாள். மூச்சு எங்கே வாங்க வேண்டும் என்பதையும் சொன்னாள்.

அதற்கடுத்த ஞாயிறு பூங்காவில் அவள் தனியாக ஊதிக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்கு வெளியே மரத்தடியில் அண்ணன் நிற்பதைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். அவள் ஒரு சுரமும் விடவில்லை. வாசித்து முடித்து எல்லாரும் எழுந்தபோது அவன் இரண்டடி முன்னால் வந்து நின்றான், அவள் வரும் வழியில். கடுகு கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றாக ஈரம் துடைத்து, பெட்டியில் அடுக்கினாள். பேசத்தான் வேண்டும், என்றைக்காவது பேசுவாள். அன்றைக்கு அவளுக்கு மனம் வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்கு நடந்தாள்.